கிருபையா, மனித எத்தனமா?

கி.பி. 410-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கோத்தியர் மன்னன் அலாரிக்கின் சேனை ரோமாபுரியை மூன்று நாள் சூறையாடியது. அந்த வீழ்ச்சியையொட்டிக் கடல் கடந்து வட ஆப்பிரிக்கா சேர்ந்தவர்களுள், பிரிட்டனில் பிறந்து, ரோமில் நெடுங்காலம் தவ ஒழுக்கத்தோடு வாழ்ந்து, பிரபுக்களின் குடும்பங்களில் குருவாக மதிக்கப்பட்ட பெலாஜியஸும் ஒருவர். அவர் விரைவிலேயே பாலஸ்தீனம் போய்விட்டார். ஆனால் உடன் வந்த சீடர் செலஸ்தியஸ், ஆதாமின் பாவம் ஆதாமையே கெடுத்தது, மனுக்குலத்தையன்று என்று போதித்ததாகக் கார்த்தேஜில் குற்றஞ்சாட்டப்பட்டார். மேலைத் திருச்சபையை உலுக்கிய விவாதம் அங்கே மூண்டது.

பெலாஜியஸை ஒழுக்கத்தைத் தளர்த்த வந்தவராக எண்ணுவது பெரும் பிழை. சக்கரவர்த்திகளே கிறிஸ்தவராகிவிட்ட அக்காலத்தில், ஞானஸ்நானம் பெற்றும் பழைய வாழ்க்கையை விடாமல், "மனித சுபாவம் பலவீனமானது, என்ன செய்வது?" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தவர்களைக் கண்டு மனம் கொதித்தவர் அவர். செய்ய முடியாததைக் கடவுள் கட்டளையிடமாட்டார். நன்மையைத் தேர்ந்துகொள்ளும் சக்தியை மனிதனுக்கு அளித்ததும், நியாயப்பிரமாணத்தையும் கிறிஸ்துவின் உதாரணத்தையும் காட்டியதுமே கிருபை. ஆதாம் நமக்கு விட்டுச் சென்றது துர்மாதிரி மட்டுமே என்பது அவர் சித்தாந்தம். கட்டளையை நிறைவேற்றும் வல்லமையையும் கடவுளே தர வேண்டும் என இறைஞ்சும் வாசகமொன்றை, அகஸ்தீனுடைய 'பாவ அறிக்கை' நூலின் பத்தாம் பாகத்திலிருந்து யாரோ எடுத்துரைக்கக் கேட்டபோது, அவர் ரோமிலேயே பொறுமை இழந்தார்.

அந்நூலை எழுதியவரோ, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தகாஸ்தே என்னும் சிற்றூரில் 354-இல் பிறந்து, ஹிப்போ நகரத்து மேற்றிராணியாராக விளங்கியவர். தமது பதினாறாம் வயதில், நள்ளிரவில் தோழர்களோடு போய்ப் பக்கத்துப் பேரிக்காய் மரத்தை உலுக்கி, பறித்த காய்களைப் பன்றிகளுக்கு எறிந்த சம்பவத்தை அவர் அதில் விஸ்தாரமாக ஆராய்கிறார். பசியில்லை, அவற்றினும் நல்ல காய்கள் அவரிடமே இருந்தன, தனியாக இருந்திருந்தால் செய்திருக்கமாட்டார், ஆயினும் செய்தார், செய்யத் தகாதது என்ற அந்த ருசிக்காகவே செய்தார். பின்னர் 386-இல் மிலான் நகரத் தோட்டத்தில், நல்வழி இன்னதென்று தெளிவாக அறிந்தும், அதையே விரும்பியும், விரும்பியபடி நடக்க இயலாமல் தவித்த அனுபவமும் அவருக்கு உண்டு. ஆகவே, அறிவுரை போதாது, விருப்பமே நோயுற்றிருக்கிறது, ஆதாமில் தொடங்கிய அந்நோயை மனிதன் தன் எத்தனத்தால் தீர்த்துக்கொள்ள முடியாது, கிருபை முந்திக்கொண்டு வந்து விருப்பத்தையே குணப்படுத்த வேண்டும் என்பது, பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தை ஆதாரமாகக் கொண்டு அவர் நிலைநாட்டிய முடிவு. சொந்தமாகப் பாவஞ்செய்யாத சிசுவுக்கும் பாவமன்னிப்புக்கென்று சபை ஞானஸ்நானம் கொடுப்பதேன் என்ற கேள்வியே அவர் கையிலிருந்த வலிய ஆயுதம்.

415-இல் பாலஸ்தீனத்து தியோஸ்பொலிஸ் சங்கம் பெலாஜியஸைக் குற்றமற்றவரென விடுவித்தது. மறு ஆண்டே ஆப்பிரிக்கச் சங்கங்கள் அவரைக் கண்டித்தன. போப் இன்னொசென்ட் கண்டனத்தை உறுதி செய்தார். அடுத்து வந்த ஸோஸிமஸ் முதலில் தயங்கினார். 418-இல் சக்கரவர்த்தி ஹொனோரியஸ் பிறப்பித்த ஆக்ஞையும் கார்த்தேஜ் மகாசங்கத்தின் தீர்ப்பும் சேர்ந்து விவகாரத்தை முடித்தன, ஸோஸிமஸும் இணங்கினார்.

வென்ற சித்தாந்தத்திலும் கடுமை இல்லாமலில்லை. ஞானஸ்நானமின்றி இறக்கும் சிசுவுக்கும் தண்டனை உண்டு, அது மிக இலேசானதாயினும், என்று அகஸ்தீன் கூறினார். ஆதாமின் குற்றமே பரம்பரையாக வருகிறது என்ற கருத்தைக் கீழைத் திருச்சபை அவர் சொன்னபடி ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும், மனிதனை உயர்த்திப் பேசிய பெலாஜியஸின் போதனை, விழுந்தவனை நோக்கி, "உன்னால் முடிந்தும் செய்யவில்லையே" என்று மட்டுமே சொல்ல வல்லது. மனிதனைத் தாழ்த்தியதாகப் பழிக்கப்படும் அகஸ்தீனின் போதனையோ, நல்லதை விரும்பியும் தோற்றவனுக்கு இரட்சிப்பின் கதவைத் திறந்து வைக்கிறது. இவ்விரண்டனுள் எளியவர்பால் இரக்கம் மிகுந்தது பின்னதே.