நடைமுறை ஞானமும் திருமறைப் பொருள்கோளும்

திருமறைப் பகுதியின் பொருளை முதலில் அறிந்து, பின்னர் அதை வாழ்வுக்குப் பொருத்துகிறோம் என்பது பலருடைய எண்ணம். ஆனால், பொருத்திக் காண்பது பொருளுணர்வின் உள்ளுறுப்பே என்று இருபதாம் நூற்றாண்டுப் பொருள்கோளியல் வலியுறுத்தியது. இக்கருத்தின் வேர் கிரேக்க மெய்யியலில் உள்ளது.

1. அரிஸ்டாட்டில் காட்டிய வேறுபாடு

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) தமது நிக்கோமாக்கிய அறவியலின் ஆறாம் நூலில், பொருள்களை ஆக்கும் திறனை ‘டெக்னே’ என்றும், தக்கதைத் தேர்ந்து செயற்படும் விவேகத்தை ‘ஃபிரோனேசிஸ்’ என்றும் பிரிக்கிறார். இளைஞர் கணிதத்தில் வல்லவராகலாம். விவேகியாவதற்கோ அனுபவம் வேண்டும் என்பது அவர் துணிபு.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தின் பட்டுத் தறியை எண்ணிப் பார்ப்போம். நெசவு தொடங்குமுன்னரே ஜக்கார்டு அட்டைகளில் வடிவம் துளையிடப்பட்டிருக்கும். கரையையும் உடலையும் கோர்வையாக இணைக்க அரிய திறன் வேண்டும். எனினும் அடையவேண்டிய முடிவு முன்னரே தெளிவானது. கடன்பட்ட அயலானிடம் எவ்வாறு நடந்துகொள்வது என்பதற்கோ அத்தகைய அட்டை எதுவுமில்லை. மத்தேயு 7:24இல், கேட்டபடி செய்கிற மனிதனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் ஃபிரோனேசிஸோடு ஒரே வேரைச் சார்ந்தது.

2. ஹாலேயும் கடாமரும்

ஜெர்மானிய மெய்யியலறிஞர் கடாமர் (1900–2002), 1923இல் ஃபிரைபர்க்கில் ஹைடெக்கரிடம் அறவியலின் ஆறாம் நூலைப் பயின்றார். 1960இல் வெளிவந்த ‘உண்மையும் முறையும்’ என்னும் நூலில் ஃபிரோனேசிஸைப் பொருள்கோளுக்கு முன்மாதிரியாகக் கொண்டார். அறிதல், விளக்குதல் என்னும் இரண்டோடு பொருத்துதலையும் சேர்த்த பெருமையை அவர் பக்தியியக்க இறையியலாரான ராம்பாக்குக்கு அளிக்கிறார். ராம்பாக் ஹாலேயில் கற்பித்தவர். அதே ஹாலேயோடு தொடர்புடைய சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார் என்பது தமிழ்த் திருச்சபை நினைவில் கொள்ளத்தக்கது.

3. திரிகையும் தறியும்

உபாகமம் 24:6 திரிகைக் கல்லை அடகாக வாங்குவதைத் தடுக்கிறது. அது பிறனுடைய உயிரையே அடகாகக் கொள்வதாகும். இது பண்டைய இஸ்ரயேலின் வழக்கம் என்று மட்டும் விளக்குவோர் அறிஞராகலாம். ஆனால் வசனத்தை இன்னும் உணர்ந்தவராகார். காஞ்சியில், உடைமையாளரிடம் முன்பணம் பெற்றுக் கூலிக்கு நெய்வது நெடுநாள் வழக்கம். அங்கு இவ்வசனம் தறியையும், கடனுக்கு ஈடாகக் கட்டுப்படும் உழைப்பையும் சுட்டாதோ? கைவினைஞரின் கருவிகளைக் கடனுக்காகப் பறிமுதல் செய்வதை 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு விலக்குகிறது. கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது.

4. ஓர் எச்சரிக்கை

எனினும் ஃபிரோனேசிஸை ஆராயாது ஏற்றல் தகாது. அடிமைமுறைக்கு நியாயம் கற்பித்த அரிஸ்டாட்டில், சிறந்த அரசு கைத்தொழிலாளரைக் குடிமக்களாக்காது என்றும் ‘அரசியல்’ நூலில் எழுதினார். அவர் கருத்துப்படி தறியில் அமர்ந்தவருக்கு விவேகியரின் அவையில் இடமில்லை. சமூகத்தின் விவேகம் அச்சமூகத்தின் குருட்டுத்தன்மையையும் சுமக்கக்கூடும். மரபு ஆதிக்கத்தை மறைக்கலாம் என்று 1967இல் ஹாபர்மாஸ் கடாமரை மறுத்ததும் இதனாலேயே.

ஆகவே, உபாகமத்தின் அவ்வசனத்தைக் கடன் கொடுத்தவர் மட்டும் கூடி வாசித்தால், எத்துணை விவேகத்தோடு வாசித்தாலும் அதன் பொருள் குறைவுபடும். முன்பணத்தின் சுமையை அறிந்தவர் அதை வாசிக்கும்போது நாம் கேட்டிராத பொருள் வெளிப்படலாம். போதகர் மூலமொழியைக் கற்பது கடமை. அம்மனிதரோடு அமர்ந்து வாசிப்பதும் பொருள்கோளின் பகுதியே. அதை மேய்ப்புப் பணியின் பிற்சேர்க்கையாகக் கருதலாகாது.