நம்பிராட்டியார்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் மூன்றாம் ஆண்டுச் சுற்றுலாதான். பட்டீஸ்வரம் பக்கத்தில் இராமநாதன் கோயில் என்று ஒரு சிறிய கோயில். இராஜராஜனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன் மாதேவிக்கு 1019இல் முதலாம் இராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படை. "பெற்ற தாய் இல்லை, சிற்றன்னை. அவருக்கு மகன் எடுத்த கோயில்!" என்று பேராசிரியர் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டார்: "சார், அது பட்டம் மாதிரி இருக்கே. அந்தம்மா பேரு என்ன?"

சார் சிரித்துவிட்டு, "நீயே தேடிப் பாரேன்" என்றார். தேடியது என்னவோ நான்தான், அதுவும் பல வருடம் கழித்து!

உத்தமசோழனுக்கு ஒரு பஞ்சவன் மாதேவி, இராஜராஜனுக்கு ஒருவர், இராஜேந்திரனுக்கு இன்னொருவர். 'பாண்டியனை வென்றவனின் தேவி' என்கிற மாதிரியான பட்டங்கள் இவை. செம்பியன் மாதேவி என்பதும் 'சோழனின் பெருந்தேவி' என்றுதானே பொருள்? இராஜராஜனின் பட்டத்தரசி உலகமாதேவிக்கு 'தந்திசக்தி விடங்கி' என்ற பெயரும் கல்லில் கிடைக்கிறது. அவர் எடுத்த உலகமாதேவீச்சரம் இன்றும் திருவையாறு கோயில் வளாகத்துக்குள் இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இந்த அரசியரைப் பார்க்கலாம். 'நம்பிராட்டியார்' என்ற மரியாதையோடு உலகமாதேவி பிச்சதேவர் திருமேனியையும், அபிமானவல்லி இலிங்கபுராண தேவரையும் எழுந்தருளுவித்தார்கள் என்று வரும். திருமேனி எத்தனை விரல் உயரம், நகை எத்தனை கழஞ்சு, முத்து எத்தனை என்று கணக்குப்பிள்ளை ஒன்றையும் விடவில்லை. கொடுத்தவர் எந்த ஊர்ப் பெண், எத்தனை வயதில் அரண்மனைக்கு வந்தார் என்பது மட்டும் அங்கே கிடையாது.

அரண்மனையில் பணி செய்த பெண்கள் வாழ்ந்த பகுதிக்கு 'வேளம்' என்று பெயர். போரில் பிடித்து வரப்பட்டவர்களும் அங்கே இருந்தார்கள் என்பது ஆய்வாளர் கருத்து. அவர்களைக் கல்வெட்டு 'பெண்டாட்டி' என்கிறது. அன்றைக்கு அது பணிப்பெண்ணைக் குறித்த சொல். (வீட்டில் சொல்லிப் பார்த்தேன். நல்ல வரவேற்பு இல்லை!)

கணவன் இறந்தால் என்ன? இங்கேதான் எனக்கு மனசு கனத்துப் போனது. சுந்தரசோழன் காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்தபோது வானவன் மாதேவி உடன்கட்டை ஏறினார். பால்குடி மாறாத குழந்தையை விட்டுப் போனார் என்று திருக்கோவிலூர்க் கல்வெட்டு புகழ்ந்து பாடுகிறது. பாடியவருக்குப் பெருமையாக இருந்திருக்கலாம், குழந்தைக்கு? மகள் குந்தவை பிற்பாடு தஞ்சைக் கோயிலில் தாய், தந்தை படிமங்களை வைத்தார். 1044இல் இராஜேந்திரன் இறந்தபோது வீரமாதேவியும் அப்படியே போனார். பிரம்மதேசத்தில் அவர் அண்ணன் தம்பி முறையில் உள்ள மதுராந்தகப் பரகேசரி வேளான் ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்தார். இறந்த இருவர் தாகமும் தீரவாம். நெருப்பில் போன சகோதரிக்குத் தண்ணீர்! அந்த வரியை நான் படித்தது ஒரு சித்திரை மாத மத்தியானம். கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஆனால் எல்லாரும் போகவில்லை. கண்டராதித்தர் 957இல் மறைந்தபோது செம்பியன் மாதேவி மகன் உத்தமசோழனை வளர்க்க இருந்தார். அதன் பிறகு நாற்பது ஆண்டுக்கு மேல்! செங்கல் கோயில்களைக் கற்றளியாக்கினார்: கோனேரிராஜபுரம், ஆடுதுறை, விருத்தாசலம் என்று வரிசை நீளும். கோனேரிராஜபுரத்தில் கண்டராதித்தர் சிவனை வணங்குவதாகச் சிற்பமே செதுக்க வைத்தார். மருமகள்கள் அவர் பெயரிலுள்ள ஊர்க் கோயிலுக்கு நிவந்தம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் ஒற்றுமையாக இருந்தார்களா, சண்டை போட்டார்களா, கல் சொல்லாது.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது வேறு. திருக்கோடிக்காவில் பழைய கோயிலைப் பிரித்துக் கட்டும்போது, அதிலிருந்த பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் திரும்ப வெட்டியிருக்கிறார்கள். யார் யாரோ எப்போதோ கொடுத்த கொடைகள் அப்படித்தான் நமக்குக் கிடைத்தன.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: இராமநாதன் கோயில் கும்பகோணத்திலிருந்து பக்கம்தான். சந்திப்பு முடிந்த மறுநாள் ஒரு வேன் ஏற்பாடு செய்யலாம் என்றிருக்கிறேன். அன்று கேள்வி கேட்ட அந்த மாணவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.