மெருகு மாறும் எழுத்து

ஒரே கணித்திரையில் இரண்டு சாளரங்கள் திறந்திருக்கின்றன. இரண்டிலும் எழுத்துரு ஒன்று, அளவும் ஒன்று. எனினும் ஒன்றில் ழகரத்தின் சுழி வழுவழுப்பாக வளைகிறது. மற்றொன்றில் படிக்கட்டுபோல் ஒடிந்து நிற்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் தமிழ் படிப்போர் பலருக்கும் பழகிய காட்சி இது. இதன் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது.

திரை என்பது சதுரப் புள்ளிகளின் கட்டம். அதில் வளைகோடு அப்படியே அமராது. ஆதலால் விளிம்பிலுள்ள புள்ளிகளுக்குச் சாம்பல் நிறம் ஊட்டிக் கண்ணை நம்பவைக்கிறார்கள். புள்ளிக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளைத் தனித்தனியே பயன்படுத்துவது இன்னும் நுட்பமான முறை. விருத்தாசலத்தில் இருக்கும் நமக்குப் பீங்கான் பொம்மைமேல் ஏற்றும் மெருகு நினைவுக்கு வருகிறது. பூச்சு குறைந்தால் சொரசொரப்பு. மிகுந்தால் மண்ணில் கீறிய கண்ணும் மூக்கும் அமிழ்ந்துபோகும்.

1984இல் தோன்றிய எக்ஸ் சாளர முறைமையில் எழுத்தை வரையும் பொறுப்பு அம்முறைமையின் வழங்கியிடமே இருந்தது. அது மெருகறியாது, புள்ளி ஒன்று நிறம் பெறும், அல்லது பெறாது. 2000ஆம் ஆண்டையொட்டிக் கீத் பாக்கார்ட் செய்த விரிவாக்கங்களால் மெருகு வந்தது. வரையும் பொறுப்பும் நிரல்களின் பக்கம் சென்றது. கேடிஇ மேசைத்தளம் கியூடி என்னும் நிரலகத்தையும், க்னோம் ஜிடிகே என்பதையும் நம்பியிருந்தன. ஒவ்வொன்றும் தன் போக்கில் புதுமுறையை ஏற்றது. பழைய நிரல்கள் பழையபடியே நின்றன. மேசை ஒன்று, வரையும் கைகள் பல என்றாயிற்று.

காப்புரிமையும் குறுக்கே நின்றது. எழுத்தின் கோடுகளைக் கட்டத்தோடு பொருத்தும் கட்டளைகள் சிலவற்றுக்கு ஆப்பிள் நிறுவனம் உரிமை பெற்றிருந்தது. அதனால் ஃப்ரீடைப் நிரலகம் அவ்வசதியை இயல்பாக இயக்காமல் வைத்திருந்தது. 2010இல் உரிமை முடிந்தபின்பே இயக்கியது. 1998இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த கிளியர்டைப், 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தது. 2007இல் வெளியான விஸ்டாவில்தான் இயல்பாகவே இயங்கியது. 2020 டிசம்பரில் வந்த ஜிடிகே நான்காம் பதிப்போ நிறக்கூறு முறையைக் கைவிட்டுச் சாம்பல் மெருகோடு நின்றது. மூன்றாம் பதிப்பில் எழுதிய நிரலை அதனருகே திறந்தால் வேறுபாடு தெரியும்.

தமிழுக்கு இது வெறும் அழகுச் சிக்கலன்று. மனமும் மணமும் ஒரு சுழியால் வேறாகின்றன. மெய்யும் உயிர்மெய்யும் ஒரு புள்ளியால். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இராது. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். பதிப்பாசிரியர்கள் பொருள் நோக்கியே சொல்லைத் தெளிந்தனர். அச்சு அந்த ஐயத்தைப் போக்கியது. ஆயினும் 1713இல் தரங்கம்பாடியில் அச்சுப்பணி தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. பின்னர்ப் பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தனர். சிற்றெழுத்தையும் தெளிவாகக் காட்டும் முயற்சிக்கு இப்படி மூன்று நூற்றாண்டு வயதாகிறது.

சிறிய அளவில், மெருகு மிகுந்த சாளரத்தில் புள்ளி கரையும்போது, ஓலைக்காலத்து ஐயம் திரும்பி வருகிறது. பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் மெய்ப்புப் பார்ப்போர் இதைக் கருத வேண்டும். சுவடி பதிப்பித்தோர் ஐயம் எழுந்த இடத்தில் வேறொரு சுவடியை ஒப்புநோக்கினர். நாமும் எழுத்தைப் பெரிதாக்கி, வேறொரு சாளரத்திலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.