சாவி யார் கையில்?
துருக்கியின் நூறாண்டும் இனி வரும் காலமும்

தில்லியில் குடியிருக்கும் தமிழர்களில் எய்ம்ஸ் மருத்துவமனையின் படியேறாதவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். நமக்கு உடம்பு நன்றாக இருந்தாலும், ஊரிலிருந்து பழைய ரிப்போர்ட்டுகளை மஞ்சள் பையில் சுமந்துகொண்டு ஒரு சித்தப்பாவோ அத்தையோ வந்து சேர்வார்கள். விடியற்காலையில் அவர்களை அழைத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்பது நம் கடமை. அந்த மருத்துவமனை இருக்கும் பகுதிக்கு அன்சாரி நகர் என்று பெயர். யார் அந்த அன்சாரி?

டாக்டர் எம்.ஏ. அன்சாரி 1927ஆம் ஆண்டு சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கியவர். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1912இல், பால்கன் போரில் காயம்பட்ட துருக்கிய வீரர்களுக்குச் சிகிச்சை செய்ய இந்தியாவிலிருந்து ஒரு மருத்துவக் குழுவை அழைத்துச் சென்றவர். இனி, பிரதமர் இல்லத்தின் அருகே செல்லும் ஒரு சாலையைப் பாருங்கள். நம் தமிழ்நாடு இல்லத்திலிருந்தும் அதிக தூரமில்லை. அதன் பெயர் கமால் அத்தாதுர்க் மார்க். நம் பாட்டனார் காலத்துப் பத்திரிகைகள் கமால் பாட்சா என்று எழுதினவே, அவர்தான்.

ஒருவர் துருக்கியின் கலீபாவுடைய படைக்கு மருந்து கட்டப் போனவர். மற்றவர் அந்தக் கலீபா பதவியையே ஒழித்தவர். இருவர் பெயரையும் ஒரே நகரம் மரியாதையோடு தாங்கி நிற்கிறது. துருக்கியின் கதை முழுவதும் இந்த முரணுக்குள் அடங்கிவிடும் என்றே சொல்லலாம்.

பெயர் பழையது, உறவும் பழையது

துருக்கி என்ற பெயர் தமிழர்களுக்குப் புதிதல்ல. வடக்கே ஆண்ட தொடக்ககால சுல்தான்கள் துருக்கிய இனத்தவர். அதனால்தான் துருக்கர் என்ற சொல் துலுக்கர் என்று மருவி, முஸ்லிம்கள் எல்லாருக்கும் பொதுப்பெயர் போல நம் நாட்டில் வழங்கிற்று. திருவரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்குத் தனி சந்நிதி இருப்பதை நாம் அறிவோம்.

அண்மைக்கால உறவு கிலாபத் இயக்கத்தில் தொடங்குகிறது. முதல் உலகப் போரில் துருக்கி தோற்றது. 1920இல் செவ்ர் உடன்படிக்கை அந்தப் பேரரசைக் கூறு போட்டது. உலக முஸ்லிம்களின் தலைவர் என்று கருதப்பட்ட கலீபாவுக்கு இப்படி ஒரு கதியா என்று இந்திய முஸ்லிம்கள் கொதித்தனர். அலி சகோதரர்கள் முன்நிற்க, காந்தியடிகள் அவர்களோடு கைகோத்தார். ஒத்துழையாமை இயக்கத்துக்கே அது ஒரு பெரிய உந்துதலாயிற்று.

இங்கே நாம் கலீபாவுக்காகச் சிறை போய்க்கொண்டிருந்தபோது, அங்கே நடந்தது வேறு. அன்னியப் படைகளை விரட்டிய கமால் பாட்சா 1922இல் சுல்தான் பதவியை ஒழித்தார். 1923 அக்டோபர் 29 அன்று குடியரசு பிறந்தது. 1924 மார்ச் 3 அன்று கலீபா பதவியும் போயிற்று. கடைசிக் கலீபா அப்துல் மஜீத் குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்டார். அவருடைய மகள் துர்ருஷேவர், 1931இல் ஐதராபாத் நிஜாமின் மூத்த மகனை மணந்து நம் நாட்டு மருமகளாக வந்தார். ஐதராபாதில் அவர் பெயரால் ஒரு குழந்தைகள் மருத்துவமனை உண்டு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்திய முஸ்லிம்கள் திரட்டி அனுப்பிய பணத்தில் எஞ்சியிருந்தது, 1924இல் அங்கே தொடங்கிய இஷ் வங்கியின் முதலீட்டில் ஒரு பகுதியாயிற்று என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். கலீபாவைக் காக்க அனுப்பிய காசு வட்டிக்கடைக்கு முதலாயிற்று!

பிரித்தார்களா, பூட்டினார்களா?

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த துருக்கி எப்படிப்பட்டது? கமால் பாட்சா மதத்தையும் அரசையும் பிரித்தார்; தொப்பியை மாற்றினார்; எழுத்தை மாற்றினார்; பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தார். எல்லாம் உண்மைதான். 1926இல் சுவிட்சர்லாந்தைப் பார்த்து எழுதிய சிவில் சட்டம் பலதார மணத்தை நீக்கியது. 1928இல் அரபு எழுத்துப் போய் லத்தீன் எழுத்து வந்தது. 1934இல் பெண்கள் நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடவும் போட்டியிடவும் உரிமை பெற்றனர்.

ஆனால் "பிரித்தார்" என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. கலீபா பதவி ஒழிந்த அதே மார்ச் 3ஆம் தேதி இன்னொரு சட்டமும் நிறைவேறியது. அதன்படி பிறந்ததுதான் தியானத் எனப்படும் சமய விவகாரத் துறை. பள்ளிவாசல் இமாம்கள் இந்தத் துறையின் ஊழியர்கள் ஆனார்கள். நியமனமும் துறையின் கையில், சம்பளமும் துறையின் கையில். வெள்ளிக்கிழமைப் பேருரையும் துறையின் கட்டுப்பாட்டில். 1932 முதல் 1950 வரை தொழுகை அழைப்பைக் கூட அரபு மொழியில் சொல்லாமல் துருக்கி மொழியில் சொல்ல வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. மதத்திலிருந்து விலகி நிற்கும் அரசு இதையெல்லாமா செய்யும்?

ஆக, மதத்தையும் அரசையும் அவர்கள் பிரிக்கவில்லை. மதத்தை ஒரு அறையில் வைத்துப் பூட்டி, சாவியை அரசின் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். கமால் பாட்சா காலத்தில் இதற்கு நியாயமும் இருந்திருக்கலாம். போரில் நொறுங்கிய நாடு; எழுத்தறிவு குறைவு; மதத்தின் பெயரால் கலகம் மூளும் என்ற அச்சம். அவர் 1938இல் காலமானார். சாவி மட்டும் அப்படியே இருந்தது. அது இன்னொருவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று அன்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ராணுவத் தொப்பியும் தலைத்துணியும்

1950இல் முதன்முறையாக எதிர்க்கட்சி தேர்தலில் வென்றது. பிரதமர் அத்னான் மெந்தரெஸ் தொழுகை அழைப்பை மீண்டும் அரபிக்கு மாற்ற அனுமதித்தார். ஜனங்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் பத்து ஆண்டுகளில் அவரும் பத்திரிகைகளையும் எதிர்க்கட்சியையும் நசுக்கத் தொடங்கினார். 1960இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1961இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். 1971இலும் 1980இலும் ராணுவம் மறுபடி தலையிட்டது. 1997இல் இஸ்லாமியச் சார்புடைய பிரதமர் எர்பக்கானை, துப்பாக்கி எடுக்காமலே நெருக்கடி கொடுத்து வெளியேற்றியது.

மதச்சார்பின்மையின் காவலன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அந்த ராணுவம் 1982இல் கொண்டுவந்த அரசியல் சட்டம்தான் பள்ளிகளில் சமயப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. இடதுசாரிகளை அடக்க மதம் உதவும் என்பது தளபதிகளின் கணக்கு. அதே காலத்தில் தலைத்துணி அணிந்த பெண்கள் பல்கலைக்கழக வாசலில் தடுக்கப்பட்டார்கள். 1999இல் தேர்தலில் வென்று வந்த மெர்வே கவாக்சி என்ற பெண், தலைத்துணி அணிந்திருந்தார் என்பதற்காக நாடாளுமன்றத்தில் பதவிப் பிரமாணம் எடுக்க முடியாமல் திரும்பினார். பெண்களுக்கு விடுதலை தந்த குடியரசு, ஒரு பெண் தலையில் என்ன உடுத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று.

இந்தக் கோபத்தின் மேல் ஏறி வந்தவர்தான் எர்டோகன். இஸ்தான்புல் மேயராக 1994இல் பேர் வாங்கியவர். ஒரு கூட்டத்தில் கவிதை வாசித்ததற்காக 1999இல் சிறை சென்றவர். அவரது கட்சி 2002 தேர்தலில் சுமார் 34 சதவீத ஓட்டில், 550 இடங்களில் 363 இடங்களைப் பிடித்தது. முதல் சில ஆண்டுகள் நன்றாகவே போயின. பொருளாதாரம் எழுந்தது. 2005இல் ஐரோப்பிய யூனியனோடு உறுப்பினர் பேச்சு தொடங்கிற்று. 2008இல் அந்தக் கட்சியையே தடை செய்யும் வழக்கு வந்தது. பதினொரு நீதிபதிகளில் ஏழு பேர் சம்மதம் வேண்டும். ஆறு பேர் சம்மதித்தனர். ஒரே ஓட்டில் கட்சி தப்பியது. அடுத்த சில ஆண்டுகளில் தலைத்துணித் தடையும் படிப்படியாக நீங்கியது. அது ஒரு நியாயமான திருத்தம் என்பதை மறுக்க முடியாது.

பிறகு? அடிபட்டவர் கைக்கு அதிகாரம் வந்தால் அடிக்கும் கோலை முறித்துப் போடுவார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. 2016 ஜூலை 15 அன்று ஒரு ராணுவப் புரட்சி முயற்சி நடந்து, சுமார் 250 பேரைப் பலிகொண்டு தோற்றது. மக்கள் தெருவில் இறங்கி டாங்கிகளைத் தடுத்தது வீரம்தான். ஆனால் அதன் பின்னர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், நீதிபதிகள் வேலையிழந்தனர். 2017இல் 51 சதவீதச் சொச்ச ஆதரவோடு, எல்லா அதிகாரமும் ஜனாதிபதியிடம் குவியும் முறை வந்தது.

சாவி கை மாறியதற்கு ஒரு கட்டடமே சாட்சி. 537இல் தேவாலயமாகக் கட்டி முடிக்கப்பட்ட ஹாகியா சோஃபியா, 1453இல் பள்ளிவாசலாயிற்று. 1934இல் அமைச்சரவை முடிவு ஒன்று அதை அருங்காட்சியகமாக்கியது. 2020 ஜூலை 10 அன்று நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்ய, அன்றைய தினமே ஜனாதிபதியின் உத்தரவால் அது தியானத் வசம் போயிற்று. ஒரு கையெழுத்தில் மாறியது, இன்னொரு கையெழுத்தில் திரும்ப மாறியது. இரண்டு முறையும் கையெழுத்து அரசினுடையதுதான்.

இந்த இரு தரப்புச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராதவர்கள் பாடு என்ன? அலெவி என்ற பிரிவினர் முஸ்லிம்களில் தனி மரபினர். தியானத் நடத்துவது சுன்னி மரபு. அலெவிகளின் வரியும் அதில் சேர்கிறது. ஆனால் அவர்கள் கூடும் செம் இல்லங்களுக்குப் பள்ளிவாசலுக்குச் சமமான இடம் கமால்வாதிகளும் தரவில்லை, பின்னால் வந்தவர்களும் தரவில்லை. கிரேக்கக் கிறிஸ்தவர்களின் ஹல்கி குருமடம் 1971இல் மதச்சார்பற்ற அரசின் காலத்திலேயே மூடப்பட்டது.

வல்லமையும் பலவீனமும்

துருக்கி இன்று சாதாரண நாடல்ல. கருங்கடலின் வாசலான ஜலசந்திகள், 1936ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி அதன் பொறுப்பில் உள்ளன. 1952 முதல் நேட்டோ உறுப்பு நாடு. ஆனாலும் 2019இல் ரஷ்யாவிடம் ஏவுகணைத் தடுப்புச் சாதனம் வாங்கியது. அது தயாரித்த ட்ரோன்கள் பல போர்க்களங்களில் பறந்தன. 2022இல் உக்ரைன் தானியம் கப்பலேற இஸ்தான்புல்லில்தான் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2025 மே மாதத்தில் துருக்கி பாகிஸ்தான் பக்கம் நின்றதால், நம்மவர்கள் பலர் போட்டு வைத்திருந்த பயணத்தை ரத்து செய்ததும் நினைவிருக்கும்.

பலவீனம் உள்ளே இருக்கிறது. 2022 அக்டோபரில் விலைவாசி உயர்வு 85 சதவீதத்தைத் தாண்டியது. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தில் துருக்கியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். விதி மீறிய கட்டடங்களுக்கு அரசு மன்னிப்பு வழங்கி வந்தது எத்தனை பெரிய தவறு என்று அன்று புரிந்தது. அப்போது இந்திய ராணுவம் இஸ்கந்தருன் நகரில் கள மருத்துவமனை அமைத்தது. 1912இல் அன்சாரி போன வழியில் மீண்டும் இந்திய மருத்துவர்கள்!

இனி என்ன?

"துருக்கி இன்னொரு ஈரான் ஆகிவிடுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியே சரியில்லை என்பது என் எண்ணம். மக்கள் அளவில் தலைத்துணிச் சண்டை ஏறக்குறைய முடிந்துவிட்டது. கமால் பாட்சா தொடங்கிய கட்சியின் தலைவரே 2022இல் தலைத்துணி உரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று முன்மொழிந்தார். அந்தக் கட்சிதான் 2024 உள்ளாட்சித் தேர்தலில் நாட்டிலேயே அதிக ஓட்டுப் பெற்றது. பக்தியுள்ள ஏழைகளும் விலைவாசியைப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 2025 மார்ச் 19 அன்று இஸ்தான்புல் மேயர் இமாமோக்லு கைது செய்யப்பட்டார். எதிர்க்கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக அறிவிக்கப்படவிருந்தவர். லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தனர். 1999இல் எர்டோகனைச் சிறையில் தள்ளிய நீதி முறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அவர்கள் கேட்டார்கள்.

துருக்கி பெரிய வல்லரசாக நிலைக்குமா என்பது தாடி ஜெயிக்கிறதா, தொப்பி ஜெயிக்கிறதா என்பதில் இல்லை. நீதிமன்றம், தேர்தல், பள்ளிக்கூடம், வழிபாட்டிடம் இவற்றின் சாவி ஆளும் கட்சியின் பைக்குப் போகாமல் இருக்குமா என்பதில் இருக்கிறது. தோற்றவனும் நிம்மதியாகத் தூங்கலாம் என்ற நிலை வந்தால் அந்நாடு நிச்சயம் உயரும். வராவிட்டால், ஒவ்வொரு இருபது ஆண்டுக்கும் ஆள் மாறும், அடி மாறாது.

சொந்த மாநிலத்துக்கு வெளியே சிறு தொகையினராக வாழும் நமக்கு இது எட்டாத பாடமல்ல. நாம் இங்கே கோவில் கட்டியிருக்கிறோம், தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம். ஆட்சியில் யார் இருந்தாலும் அவை நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம். அந்த நம்பிக்கையின் விலை என்ன என்பதைத் துருக்கியரைக் கேட்டால் தெரியும். அடுத்த முறை அன்சாரி நகரில் வரிசையில் நிற்கும்போது, கூட வந்த சித்தப்பாவுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். வரிசை நீளம், நேரம் போதும்.