சோட்டா நாகபுரியில் பங்குத்தளமும் நிலவுரிமையும்

கத்தோலிக்கத் திருச்சபையின் சமூக நீதிப் போதனைக்குத் தொடக்கமாகச் சுட்டப்பெறுவது, திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடல் ஆகும். அதற்கு ஆறாண்டுகள் முன்னரே, இன்றைய ஜார்க்கண்டிலுள்ள தோர்பாவில் அத்தகைய பணி தொடங்கிவிட்டமை நோக்கத்தக்கது.

முண்டா மக்கள் காடு திருத்தி உருவாக்கிய நிலம், ‘குண்ட்கட்டி’ என்னும் முறைப்படி குலத்தின் பொதுவுரிமையாக இருந்தது. ஜமீன்தார்களும் இடைக்குத்தகையாளர்களும் அவ்வுரிமையை மறுத்தனர்; மிகை வாரம் தண்டினர்; கூலியில்லா உழைப்பையும் வாங்கினர். நீதிமன்ற நடைமுறையோ அம்மக்களுக்கு அந்நியமாக இருந்தது. 1885இல் அங்கு வந்த பெல்ஜிய இயேசு சபைத் துறவி கான்ஸ்டன்ட் லீவன்ஸ், நிலச்சட்டத்தைக் கற்று, குடியானவர்களின் வழக்குகளுக்குத் துணைநின்றார். அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் கத்தோலிக்கம் தழுவினர். மதமாற்றத்திற்குக் காரணம் சமய நம்பிக்கையா, சட்டத்துணையா என்னும் வினா அன்றே எழுந்தது. இரண்டையும் பிரித்தறிதல் எளிதன்று. நிலத்தை இழப்பவனுக்கு வாழ்வும் வழிபாடும் ஒருங்கே சிதைகின்றன.

வழக்குகளால் மட்டும் சிக்கல் தீரவில்லை. 1899–1900இல் பிர்சா முண்டாவின் எழுச்சி வெடித்தது; சர்வதா மறைத்தளமும் அம்புத் தாக்குதலுக்கு உள்ளானது. அத்தளத்தில் பணியாற்றிய ஜெர்மானியத் துறவி ஜே.பி. ஹாஃப்மன், முண்டா நிலமுறை குறித்து எழுதிய விளக்கங்கள் 1908ஆம் ஆண்டின் சோட்டா நாகபுரி குத்தகைச் சட்டம் உருவாக உதவின. அச்சட்டம் குண்ட்கட்டி உரிமையை ஏற்றது. பழங்குடியினர் நிலம் கைமாறுவதையும் கட்டுப்படுத்தியது.

எனினும், சட்டம் காத்த நிலத்தைக் கடன் விழுங்கக்கூடும். ஆதலின் ஹாஃப்மன் 1909இல் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை நிறுவினார். பங்குத்தளங்கள் அதன் களங்களாயின. லீவன்ஸ் காலத்தில் முறையீட்டாளராகப் பங்குக்கு வந்த குடியானவர், இப்போது சேமிப்பவராகவும் உறுப்பினராகவும் ஆயினர். உதவி பெறுதல் என்னும் நிலையிலிருந்து பொறுப்பேற்றல் என்னும் நிலைக்கு நிகழ்ந்த இம்மாற்றமே இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். அதே வேளையில், சமய எல்லைக்குள் அமைந்த சங்கம் அவ்வெல்லைக்கு வெளியே நின்ற அண்டை உழவரை உள்ளடக்கவில்லை என்பதும் மறைக்கத்தக்கதன்று.

முதல் உலகப்போரின்போது, 1915இல், ஜெர்மானியர் என்பதால் ஹாஃப்மன் இந்தியாவை விட்டு வெளியேற்றப்பெற்றார். அவர் நீங்கிய பின்னரும் சங்கம் நிலைத்தது. குத்தகைச் சட்டத்தைத் திருத்த ஜார்க்கண்ட் சட்டமன்றம் 2016இல் நிறைவேற்றிய முன்வரைவைப் பழங்குடி அமைப்புகளும் திருச்சபையினரும் எதிர்த்தனர்; 2017இல் ஆளுநர் அதனைத் திருப்பியனுப்பினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் அச்சட்டத்தைத் தம்முடையதாக மக்கள் கருதியமைக்கு, அதன் உருவாக்கத்திற்குப் பின்னிருந்த போராட்ட நினைவே அடிப்படை எனக் கொள்ளலாம்.