நமக்கு இரு மாநிலங்கள்

புணே மாநகரில் வாழும் தமிழ் மக்களாகிய நாம் ஆண்டுதோறும் நம் சங்கத்தின் விழாவில் ஒன்று கூடி மகிழ்கின்றோம். கட்கியிலும் தேஹு ரோட்டிலும் உள்ள படைத்துறை நிலையங்களிலும், ரயில்வே அலுவலகங்களிலும் பணியேற்று வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம்முள் பலர். தமிழகச் சட்டமன்றத் தேர்தலின் முடிவுகள் வெளிவரும் நாளில் நம் இல்லங்களில் எழும் பரபரப்பைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயின், நாம் வாக்குரிமை பெற்றிருப்பதோ இந்த மகாராஷ்டிரத்தில். இங்கே நம் தொகுதியில் நிற்பவர் யார், அவர்தம் கட்சி வந்த வழி யாது என்று நம் பிள்ளைகள் வினவினால் நம்மில் பலர் விடை கூறத் தயங்குவோம். "வந்தேறிய நமக்கு இவ்வூர் அரசியல் எதற்கு?" என்று ஒதுங்கியிருப்பது அடக்கம் போலத் தோன்றும், ஆராய்ந்து பார்த்தால் அது அறியாமையே ஆகும். இம்மாநிலம் உருவான வரலாறு நம் தாயகத்தின் வரலாற்றுக்கு உடன்பிறப்புப் போன்றது என்பதை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

கவுன்சில் ஹாலில் ஒரு தொடக்கம்

பெரியதொரு நாட்டினுள் அடங்கிய மாகாணங்கள் தம்மைத் தாமே ஆளும் முறை நமக்கு ஒரே நாளில் கிட்டியதன்று. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் மாகாண ஆட்சியை இரண்டாகப் பிளந்தது. கல்வி, சுகாதாரம், உள்ளூராட்சி முதலியன மக்கள் சார்பான அமைச்சர்களிடம் விடப்பட்டன. போலீசும் நிதியும் கவர்னரின் கைப்பிடியிலேயே இருந்தன. பொறுப்பு ஒருவரிடம், பணப்பெட்டி மற்றொருவரிடம் என்னும் இவ்விரட்டை ஆட்சியிலேதான் சென்னையில் நீதிக்கட்சி 1920-இல் அமைச்சரவை அமைத்தது.

மாகாணச் சட்டசபைகளில் யார் யார் அமர்வது என்னும் வினாவின் ஒரு பகுதிக்கு விடை கிடைத்தது நம் புணேயிலே. 1932 செப்டம்பர் 24-ஆம் நாள் ஏற்பட்ட புணே ஒப்பந்தம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மாகாணச் சபைகளில் 148 இடங்களை ஒதுக்கியது. அவற்றுள் சென்னைக்கு உரியவை 30. டாக்டர் அம்பேத்கருடன் அதில் ஒப்பமிட்டோருள் தமிழர்களான இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, ராஜாஜி ஆகியோரும் இருந்தனர் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

1935-ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டை ஆட்சியை மாகாணங்களில் ஒழித்தது. 1937-இல் நடந்த தேர்தலில் சென்னையின் 215 இடங்களில் 159-ஐயும், பம்பாயின் 175 இடங்களில் 86-ஐயும் காங்கிரஸ் வென்றது. சென்னையில் ராஜாஜியும் பம்பாயில் பி.ஜி. கேரும் ஆட்சிப் பொறுப்பேற்றனர். அக்காலத்தில் மாகாண முதலமைச்சருக்குப் பிரதமர் என்றே பெயர். பம்பாயின் புதிய சட்டசபை அவ்வாண்டு ஜூலைத் திங்களில் முதன்முதலாகக் கூடியது புணே கவுன்சில் ஹாலில்தான். அங்கே சபாநாயகரான மவ்லங்கரே பின்னாளில் மக்களவையின் முதல் சபாநாயகரானார்.

மாகாண அமைச்சர்கள் மக்களுக்குப் பொறுப்பானவர்கள். ஆனால் கட்சி மேலிடத்துக்கும் அவர்கள் கட்டுப்பட்டவர்கள். இந்தியரைக் கலந்து கொள்ளாமல் வைசிராய் இந்நாட்டைப் போரில் ஈடுபடுத்தியபோது, மேலிடத்தின் ஆணைப்படி 1939-இல் எல்லாக் காங்கிரஸ் அமைச்சரவைகளும் பதவி துறந்தன. ஒரு மாகாண ஆட்சிக்கு இரு எசமானர்கள் உண்டு என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டது. விடுதலைக்குப் பின்னரும் நம் அரசியலை இயக்கிவருவது இவ்வுண்மையே.

1960: ஏப்ரலும் மேயும்

பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பிருந்து 1952-இல் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு ஆந்திரம் பிறந்தது. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, நேசமணி முதலானோர் போராடிய கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆனால் மராட்டியர்க்குத் தனி மாநிலம் கிட்டவில்லை. பம்பாய் நகரை நடுவண் அரசின் நேர் ஆட்சியில் வைப்பது என்ற அறிவிப்பு முதலில் வந்தது. பின்னர் குஜராத்தியரையும் மராட்டியரையும் ஒரே மாநிலத்தில் பிணைக்கும் முடிவு வந்தது. எதிர்த்துக் கிளர்ந்தவர்கள் மீது துப்பாக்கிகள் முழங்கின. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நடுவண் அரசின் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் பதவியைத் துறந்தார்.

அக்கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய சம்யுக்த மகாராஷ்டிர சமிதி தோன்றியது இதே புணேயில், 1956 பிப்ரவரி 6-ஆம் நாள். கேசவராவ் ஜேதே, எஸ்.எம். ஜோஷி, ஆச்சார்ய அத்ரே, டாங்கே என வேறுபட்ட கொள்கையினர் ஒரே பந்தலின்கீழ் நின்றனர். 1957 தேர்தலில் மேற்கு மகாராஷ்டிரம் காங்கிரசைக் கைவிட்டது, புணேயிலிருந்து என்.ஜி. கோரே மக்களவைக்குச் சென்றார். பிற பகுதிகளின் ஆதரவால் காங்கிரஸ் ஆட்சி நிலைத்தது. எனினும், டில்லியின் முடிவுக்கும் தம் மக்களின் உள்ளத்துக்கும் இடையே நெடுநாள் நிற்க முடியாது என்பதை முதலமைச்சர் யஷ்வந்த்ராவ் சவான் உணர்ந்தார். 1960 மே முதல் நாள் மகாராஷ்டிரம் மலர்ந்தது.

அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னர், ஏப்ரல் முதல் நாள், திருத்தணி நம் தாயகத்துடன் சேர்ந்தது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டத்திற்குப் பின் அவ்வெல்லையை ஆராய்ந்து தீர்ப்பளித்த படாஸ்கர் ஒரு மராட்டியர்! தம் எல்லைக்காக ஏங்கி நின்ற மக்களுள் ஒருவர் நம் எல்லையை வகுத்துத் தந்தார்.

அதன் பின் இரு மாநிலங்களும் வெவ்வேறு வழியில் சென்றன. நோக்கம் நிறைவேறிய சமிதி கலைந்தது. 1962-இல் காங்கிரஸ் இங்கு 264 இடங்களில் 215-ஐ வென்றது. மக்களின் கோரிக்கையைத் தனதாக்கிக்கொண்ட தேசியக் கட்சி உயிர் பிழைத்தது. தமிழகத்திலோ, 1963-இல் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்ட தி.மு.க., மாநில உரிமை என்னும் கொடியை ஏந்தி 1967-இல் ஆட்சிக்கு வந்தது. 1969 ஜனவரி 14 முதல் நம் மாநிலம் தமிழ்நாடு என்னும் பெயரைத் தாங்கியது. மாநில உரிமைகளை ஆராய அமைத்த ராஜமன்னார் குழு 1971-இல் அறிக்கை தந்தது.

ஒரே நாளில் வீழ்ந்த இரு அரசுகள்

1980 பிப்ரவரி 17-ஆம் நாள் ஒன்பது மாநில அரசுகள் ஒருசேரக் கலைக்கப்பட்டன. 1977-இல் ஜனதா ஆட்சி ஒன்பது மாநிலங்களில் செய்ததையே இந்திரா காந்தியின் ஆட்சியும் செய்தது. அன்று வீழ்ந்தவற்றுள் தமிழகத்தில் எம்.ஜி.ஆர். அரசும், இம்மாநிலத்தில் சரத் பவார் அரசும் அடங்கும். சில வாரங்களுக்கு முன் நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 இடங்களில் அ.தி.மு.க. வென்றவை இரண்டே. ஆகவே மக்கள் நம்பிக்கை போய்விட்டது என்று காரணம் கற்பிக்கப்பட்டது.

மே மாதத் தேர்தலில் மக்கள் கூறிய விடையைக் கேளுங்கள். கலைக்கப்பட்ட எம்.ஜி.ஆரைத் தமிழக மக்கள் 234-இல் 129 இடங்களை அவர் கட்சிக்கு ஈந்து மீண்டும் அரியணையேற்றினர். மகாராஷ்டிர மக்களோ 288-இல் 186 இடங்களை இந்திரா காங்கிரசுக்கு அளித்தனர். டில்லிக்கு ஒரு வாக்கு, கோட்டைக்கு ஒரு வாக்கு என்று பிரித்தளிக்கத் தெரிந்தவர்கள் நம் மக்கள்! இரு விடைகளும் மாறுபட்டவை. ஆனால் விடை கூறும் உரிமை இரண்டிடத்தும் ஒன்றே. பெரும்பான்மையைச் சட்டமன்றத்திலேயே சோதிக்க வேண்டும் என்று 1994-இல் உச்சநீதிமன்றம் பொம்மை வழக்கில் உரைத்த தீர்ப்பு அவ்வுரிமைக்கு அரணாயிற்று.

அரண் வேண்டியதும் உண்மையே. அரசியலமைப்பு தொடக்கத்தில் 97 துறைகளை நடுவண் அரசுக்கும், 66-ஐ மாநிலங்களுக்கும், 47-ஐ இருவர்க்கும் பொதுவாகவும் வகுத்தது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலை விட்டுப் பொதுப் பட்டியலுக்குச் சென்றது. 2017-இல் வந்த சரக்கு சேவை வரியினை முடிவு செய்யும் மன்றத்தில் நடுவண் அரசுக்கு மூன்றில் ஒரு பங்கும் மாநிலங்களுக்கு மூன்றில் இரு பங்கும் வாக்கு உண்டு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். ஆகவே மாநிலங்கள் கூடியும் நடுவண் அரசின்றி முடிவு செய்ய இயலாது.

நம் கடமை

தமிழ்நாடு என்னும் பெயர் கேட்டு உள்ளம் சிலிர்க்கும் நாம், மே முதல் நாளில் நம் அண்டை வீட்டு மராட்டியர் அடையும் பெருமிதத்தை அயலார் திருவிழாவாக எண்ணலாமோ? 1966-இல் சிவசேனை தோன்றிய காலத்தே பம்பாயில் தென்னாட்டார்க்கு எதிராக எழுந்த குரல் நம் மூத்தோரை வாட்டியது மெய்தான். அக்குரலை நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் ஒதுங்கி நிற்பது அதற்கு மறுமொழி ஆகாது. வாக்குச் சாவடிக்குச் செல்வதும், இந்நாட்டு மொழியை நம் மக்கள் கற்பதும், மாநகராட்சி முதல் சட்டமன்றம் வரை நம் குறைகளை எடுத்துரைப்பதுமே தக்க மறுமொழி.

பிறந்த மாநிலம் நமக்குத் தாய். வாழும் மாநிலம் நம்மை வளர்க்கும் செவிலித்தாய். இருவர்க்கும் கடன்பட்டவர்கள் நாம். அடுத்த தேர்தல் நாளில் நம் குடியிருப்பின் ஒவ்வோர் இல்லத்தாரும் அக்கடனை நினைவு கூர்வாராக! வாழ்க தமிழ்! வளர்க மகாராஷ்டிரம்!