தேர்ச்சி விழுக்காடு எதை அளக்கிறது?

மாணவர் அடுத்த படிக்குத் தகுதி பெற்றாரா என்று அறிய வந்தது பொதுத்தேர்வு. தமிழ்நாட்டில் அதே தேர்வைக் கொண்டு ஆசிரியரையும் தலைமையாசிரியரையும் பள்ளியையும் மாவட்டத்தையும் எடைபோடுகிறோம். தேர்ச்சி விழுக்காடு என்ற ஒற்றை எண்ணின்மீது இத்தனை சுமையை ஏற்றிய பிறகு அது இவற்றுள் எதையும் சரியாக அளக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிக்கல் பழையது. இங்கிலாந்தில் ராபர்ட் லோவின் முயற்சியால் 1862இல் வந்த கல்வி விதித்தொகுப்பு, அரசு மானியத்தைத் தேர்வு முடிவோடு கட்டியது. ஆய்வாளர் ஒவ்வொரு குழந்தையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். தவறிய ஒவ்வொரு பாடத்துக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். பள்ளிகள் அந்த மூன்றுக்குள் சுருங்கின. வாசிப்பு நூலையே குழந்தைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். அப்போது பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு, கற்பித்தல் இயந்திரத்தனமாகிவிட்டதெனத் தம் அறிக்கைகளில் கடுமையாக எழுதினார். ஆனாலும் அம்முறை முழுதாக ஒழிய முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சென்னை மாகாணமும் 19ஆம் நூற்றாண்டில் இத்தகைய மானியத்தைப் பின்பற்றியது. அண்மைக்கால அமெரிக்காவிலும் இதே கதைதான்: அட்லாண்டா நகரில் மாணவரின் விடைகள் முறைகேடாக மாற்றப்பட்டதில் 44 பள்ளிகளைச் சேர்ந்த 178 பேருக்குத் தொடர்பிருந்ததாக 2011இல் விசாரணை அறிக்கை கூறியது. அவர்கள் எல்லோரும் பிறவியிலேயே நேர்மையற்றவர்கள் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. மதிப்பெண்ணோடு பதவியும் ஊக்கத்தொகையும் கட்டப்பட்டிருந்தன.

நம்மிடம் இது பதினோராம் வகுப்பில் வெளிப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே பள்ளியின் புகழ் என்றானபோது, பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டின் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் நடத்தின. அடிப்படை இல்லாமலே மாணவர்கள் கல்லூரிக்குப் போனார்கள். 2017இல் அரசு மாநில அளவிலான தரவரிசை அறிவிப்பை நிறுத்தியது. 2017–18 முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தது. முதலாவது சரியான முடிவு. இரண்டாவது, தேர்வு விளைவித்த கேட்டுக்கு இன்னொரு தேர்வையே மருந்தாக்கியது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அத்தேர்வு கைவிடப்பட்டது. பாடத்தை ஒதுக்கத் தூண்டிய அழுத்தமோ அப்படியே இருக்கிறது.

விழுக்காட்டின் கணக்கிலேயே ஒரு பிழை உண்டு. தேர்வெழுதியவர்களை மட்டுமே அது எண்ணுகிறது. பின்தங்கிய மாணவரை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்தினாலும், மாற்றுச்சான்றிதழ் கொடுத்து அனுப்பினாலும், தனித்தேர்வராக எழுதச் சொன்னாலும் விழுக்காடு உயரும். மதிப்பெண் பார்த்துச் சேர்க்கும் பள்ளியின் நூறு விழுக்காட்டையும், முதல் தலைமுறையாகப் படிக்க வரும் எவரையும் திருப்பி அனுப்பாத மலைக்கிராம அரசுப் பள்ளியின் எண்பதையும் அருகருகே வைத்துப் பார்ப்பது அநீதி. சேர்ந்தபோது பிள்ளை எந்நிலையில் இருந்தது, இப்போது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதே பள்ளியின் உழைப்பைக் காட்டும். கல்வித் துறையின் ‘எமிஸ்’ தரவுத்தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் எண் இருப்பதால் இந்த வளர்ச்சியைத் தொடர்வது இயலாத காரியமன்று. ஆனால் முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஓரிருவரின் நிலை மாறினாலே சராசரி ஆடும். எனவே அதை ஆசிரியரின் ஊதியத்தோடும் பணிமாறுதலோடும் இணைக்கக் கூடாது. ஆசிரியரின் திறனை அறிய, அதே பாடத்தில் தேர்ந்த மூத்த ஆசிரியர் வகுப்பில் அமர்ந்து கவனிப்பதே தகும்.

மாநிலத்தின் கற்றல் நிலையை அறிய மாதிரி ஆய்வு போதும். 2021 நவம்பரில் நடந்த தேசிய அடைவு ஆய்வு 3, 5, 8, 10 ஆம் வகுப்புகளில் மாதிரிப் பள்ளிகளை மட்டுமே எடுத்தது. 2005இல் தொடங்கிய ‘அசர்’ ஆய்வு ஊரகப் பகுதிகளில் வீட்டுக்கே சென்று, இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் பிள்ளை வாசிக்கிறதா என்று பார்க்கிறது. இவற்றில் தோற்பவர் எவருமில்லை. ஆகவே மறைப்பதற்கான தூண்டுதல் மிகக் குறைவு.

பள்ளிக்கல்வித் துறை மாவட்டவாரி, பள்ளிவாரித் தேர்ச்சிப் பட்டியல்களை வெளியிடுவதை நிறுத்த வேண்டும். விழுக்காடு குறைந்ததற்காகத் தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். அந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று கேட்டு, காலிப் பணியிடங்களை முதலில் நிரப்ப வேண்டும்.